காக்கா ஆழி: கப்பல் ஏறி எண்ணூருக்கு வந்த கிளிஞ்சலின் வரலாறு

தரமணியில் குடியிருப்போருக்குக் கடல் தொலைவில் இல்லை. ஆயினும் அது கண்ணில் படுவதில்லை. கண்ணில் படுவது பக்கிங்காம் கால்வாய்தான். பறக்கும் ரயிலில் திருவான்மியூரைக் கடந்து வரும்போது கீழே கறுத்துக் கிடக்கும் அந்நீரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. அந்தக் கால்வாய்க்கு இருநூறு ஆண்டுகளைக் கடந்த வரலாறு உண்டு. 1806ஆம் ஆண்டில் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை உப்புநீர்க் கால்வாய் ஒன்றை வெட்டுவித்தார். பின்னர் அது வடக்கே பழவேற்காடு வழியாக ஆந்திரக் கரைக்கும், தெற்கே மரக்காணம் பக்கத்திற்கும் நீண்டது. தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877, 1878 ஆண்டுகளில், பசித்தவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காகவே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு வெட்டப்பட்டது. அக்காலத்து ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் இதன் வழியே நகரத்திற்குள் வந்த காலம் ஒன்று இருந்தது.

இன்று இடையிடையே அடைபட்டும் தூர்ந்தும் கிடந்தாலும், வரைபடத்தில் நம் தரமணியும் எண்ணூரும் ஒரே நீர்க்கோட்டின் மீது இருப்பவை. இதை நாம் எண்ணிப் பார்க்க நேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மீன் வாங்கப் போன இடத்தில். எண்ணூர் இறால் உண்டா என்று வழக்கம்போல் கேட்டோம். "எண்ணூர் எறா எங்க பாய் வருது? இது பண்ணை எறா. ஆத்துல காக்கா ஆழி மூடிக்கிச்சு" என்றார் மீன் விற்கும் அம்மா. அவருடைய பிறந்தகம் எண்ணூர்ப் பக்கம்.

காயல்பட்டினத்து வீடுகளிலும் கீழக்கரை வீடுகளிலும் 'காக்கா' என்றால் மூத்த சகோதரர். எண்ணூர் மீனவரின் காக்கா அதுவன்று, காகம். காகத்தைப் போல் கறுத்த ஓடுடைய ஒரு கிளிஞ்சலுக்கு அவர்கள் இட்ட பெயர் காக்கா ஆழி. இலக்கியத் தமிழில் 'ஆழி' கடலைக் குறிக்கும். இக்கரையோரத்துப் பேச்சிலோ ஓட்டுக்குள் வாழும் சிப்பியினத்தைக் குறிக்கிறது. அறிவியலார் இதனை மைடெல்லா ஸ்ட்ரிகாட்டா என்பர். தென் அமெரிக்காவும் நடு அமெரிக்காவும் இதன் தாயகம். ஒருபுறம் மெக்சிகோ முதல் தெற்கே செல்லும் பசிபிக் கரையிலும், மறுபுறம் கொலம்பியா முதல் அர்ஜென்டினா வரையிலான அட்லாண்டிக் கரையிலும் இது இயல்பாக வாழ்கிறது. கொசஸ்தலை ஆற்றுக்கு இது எப்படி வந்தது என்பதே நாம் சொல்ல வந்த வரலாறு.

முதலில், அது அங்கே செய்திருப்பதைச் சொல்லிவிடுவோம். இச்சிப்பி பட்டு நூல் போன்ற இழைகளைச் சுரந்து எதையும் பற்றிக்கொள்ளும். பாறை, மரக்கால், வலை, படகின் அடிப்புறம், பிற சிப்பிகளின் ஓடு, எல்லாம் அதற்கு ஒன்றுதான். வேறு பற்றுக்கோடு இல்லையேல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தம்மைத் தாமே பிணைத்துக்கொண்டு சேற்றின் மீது பாய் விரித்தாற்போல் படரும். இறால் என்பது பகலில் சேற்றுக்குள் புதைந்திருந்து இரவில் மேய வரும் உயிர். சேற்றின் வாய் அடைபட்டால் அது புதைய இடமில்லை. நண்டுக்கும் அதே கதி. இந்தக் கழிமுகத்தில் முன்பிருந்த பச்சை ஆழியும் மட்டிகளும் இதன் கீழ் மூச்சுத் திணறுகின்றன, அல்லது இதனோடு உணவுக்குப் போட்டியிட்டுத் தோற்கின்றன. கிளிஞ்சல் என்பது நீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்பது. கோடிக்கணக்கானவை ஒரே இடத்தில் கூடி வடிகட்டினால் மற்றவற்றுக்கு மிஞ்சுவது சொற்பமே.

எண்ணூரிலும் காட்டுக்குப்பத்திலும் இடுப்பளவு நீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்போர் உண்டு. படகும் இயந்திரமும் வாங்க இயலாதவர்களின் தொழில் இது. அவர்களின் கருவி கையும் காலும்தான். காக்கா ஆழியின் ஓரங்கள் கூர்மையானவை. பாதம் கிழிகிறது, விரல் கிழிகிறது, வலையும் கிழிகிறது. ஆற்றில் வந்திறங்கிய புதிய உயிரை முதலில் அறிந்தது நுண்ணோக்கியன்று, வெறுங்கால். அறிவியல் வளாகங்கள் நெருங்கி நிற்கும் தரமணியிலிருந்து இதை எழுதும்போது அந்த வரிசைமுறையை மறைக்க நமக்கு மனமில்லை.

பக்கத்து ஊருக்குப் போய்ப் பிடித்தால் என்ன என்று நகரத்தார் கேட்கக்கூடும். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. எந்த ஊரைச் சேர்ந்தவர், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. அரசுப் பதிவேட்டில் இல்லாத, ஆனால் தலைமுறைகளாக மதிக்கப்பட்டு வரும் உரிமை. இவ்வாறு ஒவ்வொரு நீர்ப்பரப்புக்கும் உரியவர் இருக்கும் கரையில், தன் இடத்தைச் சிப்பி மூடிவிட்டதென்று ஒருவர் மற்றவரின் முறைக்குள் இறங்க முடியாது. இறங்கினால் வழக்கு, சில வேளை அடிதடி. நீருக்கடியில் படரும் ஒரு கிளிஞ்சல் நீருக்கு மேலுள்ள உறவுகளையும் இப்படித்தான் அரிக்கிறது.

இனிக் கப்பலுக்கு வருவோம். நமக்கும் கப்பலுக்கும் உள்ள உறவு சிறியதன்று. மரக்காயர் என்னும் பெயரே மரக்கலத்தோடு தொடர்புடையது என்பர். பழவேற்காடு அன்று சோழமண்டலக் கரையின் பெருந்துறைகளுள் ஒன்று. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பற்றி எழுதிய போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசா, அங்கே முஸ்லிம் வணிகர்களின் கப்பல்கள் மிகுதியாக வந்து போவதைக் குறித்திருக்கிறார். டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது இத்துறையின் துணி வணிகத்திற்காக. பழவேற்காட்டுத் துணி மலாக்காவுக்கும் ஜாவாவுக்கும் போயிற்று. இன்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் கைலிக்கடையில் 'பாளையக்காட்' என்று கேட்பது இவ்வூரின் பெயரைத்தான். ஊர்ப் பெயரை உடுத்திக்கொண்டே ஊரை மறந்துவிட்டோம்.

அந்தக் காலத்து மரக்கலங்களும் உயிர்களைச் சுமந்தன. கடல்நீரில் சில மாதங்கள் கிடக்கும் எந்த மரத்திலும் கொட்டலசுகளும் பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொள்ளும். மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு உள்ளே குடியேறும். அதனால்தான் ஓடாவிகள் கலத்தைக் கரையேற்றி, அடிப்புறத்தைச் சுரண்டி, சுண்ணாம்பையும் கொழுப்பையும் குழைத்துப் பூசுவர். இது கப்பலைக் காப்பதற்குச் செய்த வேலை. தெரியாமலே கரைகளையும் ஓரளவு காத்தது. மேலும், சரக்கு இல்லாமல் திரும்பும் கலம் காற்றில் கவிழாதிருக்க அடியில் பாரம் வேண்டும். அதற்குக் கல்லும் மணலும் ஏற்றினர். கல் ஏற்றவும் இறக்கவும் ஆளும் நாளும் ஆகும். ஆனால் உலர்ந்த கல்லில் சிப்பிக் குஞ்சு உயிரோடு கடல் கடப்பது அரிது.

இம்முறையை மாற்றியது நிலக்கரி. இங்கிலாந்தின் வடகிழக்கே ஜேரோவில் 1852இல் கட்டப்பட்ட 'ஜான் பௌஸ்' என்ற இரும்பு நீராவிக் கப்பல் இலண்டனுக்கு நிலக்கரி ஏற்றிச் செல்வதற்கென்றே உருவானது. கரியை இறக்கிவிட்டு வெறுங்கப்பலாகத் திரும்பும்போது கல்லுக்குப் பதிலாகக் கடல்நீரையே உள்ளே ஏற்றிக்கொள்ளும் முறை அதில் வெற்றி கண்டது. குழாயைத் திறந்தால் பாரம் ஏறும். எந்திரத்தால் இறைத்தால் பாரம் இறங்கும். கல் சுமக்கும் கூலி மிச்சம், துறையில் காத்திருக்கும் நாளும் மிச்சம். கப்பல்காரர்கள் 'பேலஸ்ட்' என்று சொல்லும் இந்த அடிபார நீர் விரைவில் உலக வழக்கமாயிற்று.

ஒரு துறையில் ஏற்றிய நீரில் அத்துறையின் உயிர்களெல்லாம் கருவாகவும் குஞ்சாகவும் இருக்கும். சிப்பியின் குஞ்சு முதல் சில வாரங்கள் ஓட்டோடு ஓரிடத்தில் ஒட்டிக் கிடப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத துகளாக நீரில் மிதந்து திரியும். கப்பலின் தொட்டி அதற்குப் போதுமான தொட்டில். சரக்கு ஏற்றும் துறைக்கு வந்ததும் அந்நீரை அப்படியே வெளியே விடுவர். இவ்வாறு உலகக் கப்பல்கள் ஆண்டொன்றுக்கு 300 கோடி முதல் 500 கோடி டன் வரையிலான நீரைக் கடல் கடத்துகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. தொட்டியில் போகாதவை கப்பலின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு போகின்றன. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் பாட்டனார்களை ஏற்றிச் சென்ற 'ரஜூலா' கப்பலை நினைவுகூராத குடும்பம் நம்மிடையே குறைவு. 1926இல் கடலில் இறங்கிய அக்கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. மேல்தளத்தில் பெட்டியும் படுக்கையுமாக நம்மவர் கிடந்த அதே பயணங்களில், நீர்க்கோட்டிற்குக் கீழே டிக்கெட் எடுக்காத பயணிகளும் இருந்திருப்பார்கள்.

காக்கா ஆழியின் பயணத்தை ஆண்டு வாரியாகப் பின்தொடர முடிகிறது. 1986இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஜாக்சன்வில் நகரத்து மின் நிலையம் ஒன்றின் கடல்நீர்க் குழாய்களில் இது முதன்முதலாகத் தாயகத்திற்கு வெளியே தென்பட்டது. 2014இல் பிலிப்பைன்ஸின் மணிலா வளைகுடாவில் காணப்பட்டது. 2016இல் சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் இடைப்பட்ட நீரிணையில் பரவி, அங்குள்ள மீன் பண்ணைகளின் வலைகளையும் கயிறுகளையும் மூடிற்று. பின்னர் தாய்லாந்து. இந்தியாவில் கொச்சிக் காயலில் கிடைத்ததை 2019இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். கொல்லத்தை ஒட்டிய அஷ்டமுடிக் காயலையும் அது விட்டுவைக்கவில்லை. அக்காயலின் மட்டி மீன்பிடிப்பு, வளத்தைச் சீராகப் பேணுவதற்கான பன்னாட்டுச் சான்றிதழை 2014இல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது. தாங்களே வகுத்துக்கொண்ட கட்டுப்பாடுகளால் மட்டிவளத்தைக் காத்துப் பேர் வாங்கிய மக்களின் நீரில், ஐந்தாண்டுக்குள் எங்கிருந்தோ வந்த சிப்பி படர்ந்தது. அவர்கள் செய்த தவறு என்று சொல்ல ஒன்றுமில்லை.

இந்தச் சிப்பியின் வல்லமை அதன் பொறுமையில் இருக்கிறது. ஆற்றுநீர் மிகுந்து உப்புக் குறைந்தாலும் பிழைக்கும். கோடையில் உப்பு ஏறினாலும் பிழைக்கும். உணவு குறையும்போது பெண் சிப்பி ஆணாக மாறுவதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் நன்னீரும் வெயிற்காலத்தில் உவர்நீருமாக மாறிக்கொண்டே இருக்கும் நம் கழிமுகங்கள் அதற்குப் பிறந்த வீடு போல அமைந்துவிட்டன.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றி நாம் தயங்கவே செய்கிறோம். செய்தித்தாள்கள் இதனை 'அந்நிய ஆக்கிரமிப்பாளர்' என்றும் 'ஊடுருவல்' என்றும் எழுதுகின்றன. இச்சொற்கள் மனிதர்கள் மீது எப்படி வீசப்படுகின்றன என்பதை அறிந்த சமுதாயம் நாம். உயிர் ஒன்று வெளியூரிலிருந்து வந்தது என்பதே குற்றமாகாது. நம் குழம்பில் இருக்கும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தவை. இதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. நம் இந்தியப் பெருங்கடலுக்கு உரிய பச்சை ஆழி, கப்பல்கள் வழியாகவே கரீபியக் கடலுக்குப் போய் 1990இல் டிரினிடாடிலும், 1999இல் புளோரிடாவின் டாம்பா வளைகுடாவிலும் வெளிப்பட்டது. அங்கேயும் மின் நிலையத்தின் குழாய்களை அடைத்துக்கொண்டுதான் தன்னை அறிவித்தது. அங்குள்ள மீனவருக்கு நம் பச்சை ஆழி பெருந்தொல்லை. நமக்கு அவர்களின் கறுப்பு ஆழி. பிரேசிலின் வடகிழக்குக் கரையில் இதே கறுப்புச் சிப்பியைச் 'சுருரு' என்று பெயரிட்டு ஏழைகள் வாரி வந்து குழம்பு வைக்கிறார்கள். அலகோவாஸ் மாநிலம் அதைத் தன் மரபுச் செல்வம் என்றே அறிவித்திருக்கிறது. உயிர் ஒன்றுதான். தன்னை உண்ணும் பகைவரையும் தன்னைக் கட்டுப்படுத்தும் நோய்களையும் தாயகத்தில் விட்டுவிட்டு, இடம் மாறித் தனியே வந்து சேர்வதில்தான் கேடு.

அப்படியானால் நாமும் வாரிச் சமைக்கலாமே என்று கேட்கத் தோன்றும். கடல்வாழ் உயிர்களைப் பொதுவாக ஆகுமாக்கிய ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் மரக்காயர் வீடுகளில் சிப்பிக்குத் தடையில்லை. ஹனஃபி வீடுகளில் இறாலே மீனா இல்லையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதை இங்கே கிளற வேண்டாம். ஆனால் எண்ணூரில் தடை ஃபிக்ஹிலிருந்து வரவில்லை, நீரிலிருந்து வருகிறது. அனல் மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் கலந்த ஆறு அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய்ப் படலம் கழிமுகத்தையே பூசிவிட்டது. நீரை வடிகட்டி உண்ணும் சிப்பி நீரிலுள்ள நஞ்சையும் தன்னுள் சேர்த்து வைக்கும். அதை உண்ணுங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

காக்கா ஆழிக்கு முன்பே நமக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. கரீபியப் பகுதியைச் சேர்ந்த மைடிலோப்சிஸ் என்ற கறுவரிச் சிப்பி 1967ஆம் ஆண்டளவில் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் தென்பட்டது. அறிவியலார் அதைப் பற்றி எழுதினார்கள். எழுதியதோடு நின்றது. 1970களில் அது மும்பைத் துறைக்குப் போயிற்று. இன்று நம் நாட்டுத் துறைமுகங்களின் நிலையான குடி. அதே சிப்பி 1999 மார்ச் மாதத்தில் ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகரத்துப் படகுத்துறையில் காணப்பட்டபோது நடந்தது வேறு. மூன்று படகுத்துறைகளின் மதகுகள் உடனே அடைக்கப்பட்டன. அங்கிருந்து ஏற்கனவே புறப்பட்டுப்போன படகுகளைத் தேடிப் பிடித்துச் சோதித்தனர். நீருக்குள் குளோரினும் மயில்துத்தமும் டன் கணக்கில் கொட்டப்பட்டன. அத்துறைகளில் இருந்த எல்லா உயிரும் செத்தன; சிப்பியும் செத்தது. ஒரு மாதத்திற்குள் வேலை முடிந்தது. கொடிய மருத்துவம்தான், ஐயமில்லை. ஆனால் அந்தக் கரை இன்று அச்சிப்பி இல்லாமல் இருக்கிறது. மதகிட்டு மூடக்கூடிய சிறு துறையில், கண்டுபிடித்த கிழமையிலேயே செய்ததால் அது இயன்றது. எண்ணூரைப் போன்ற திறந்த கழிமுகத்தில், கிலோமீட்டர் கணக்கில் பரவிய பின் அம்மருத்துவத்திற்கு இடமில்லை.

காலம் தாழ்ந்தால் என்னவாகும் என்பதைக் கருங்கடல் மீனவர்களிடம் கேட்கலாம். துருக்கியின் திராப்சோன் பக்கத்து மக்களுக்கு 'ஹம்சி' என்னும் நெத்திலிதான் சோறும் சொந்தமும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த சீப்புச் சொறி என்னும் கூழுயிர் அடிபார நீரோடு கருங்கடலுக்கு வந்தது. நெத்திலியின் உணவையும் முட்டையையும் தின்று பெருகிற்று. மிதமிஞ்சிய மீன்பிடிப்பும் கூடவே சேர, அந்தப் பத்தாண்டின் முடிவில் நெத்திலி வரத்து சரிந்து விழுந்தது. 1997இல் அந்தச் சொறியைத் தின்னும் வேறொரு சொறி, அதுவும் வெளியிலிருந்தே, வந்து சேர்ந்ததால்தான் ஓரளவு மூச்சு வந்தது. யாரும் திட்டமிட்ட மருந்தன்று அது. எண்ணூருக்கும் அப்படி ஒன்று வந்து சேரும் என்று காத்திருப்பது கொள்கையாகாது.

உலகம் விழித்துக்கொண்டது மெதுவாகத்தான். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2000ஆம் ஆண்டில் ஆறு நாடுகளைத் தேர்ந்து ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியா அவற்றுள் ஒன்று, மும்பைத் துறைமுகம் அதன் களம். அடிபார நீருக்கான உடன்படிக்கை 2004 பிப்ரவரியில் உருவானது. நடைமுறைக்கு வந்தது 2017 செப்டம்பரில். முதல் விதி எளிது: கூடுமானவரை கரையிலிருந்து 200 கடல் மைல் தொலைவில், 200 மீட்டர் ஆழமுள்ள நடுக்கடலில் தொட்டி நீரை மாற்றிக்கொள்ள வேண்டும். துறையின் உயிர் நடுக்கடலில் பிழைக்காது, நடுக்கடலின் உயிர் துறையில் பிழைக்காது என்ற கணக்கு. இரண்டாவது விதி கடுமையானது. வெளியேற்றும் ஒரு கன மீட்டர் நீரில், 50 மைக்ரான் அளவோ அதற்கு மேலோ உள்ள உயிருள்ளவை பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். அதற்குக் கப்பலிலேயே வடிகட்டியும் புற ஊதாக் கதிர் அல்லது மருந்துச் சுத்திகரிப்பும் வேண்டும். உடன்படிக்கைக்கு உட்பட்ட கப்பல்களுக்கு இதற்கான இறுதிக் கெடு 2024 செப்டம்பர் 8. இந்திய அமைச்சரவை இதில் சேர 2015இலேயே இசைவு தந்தது; ஆனால் அதற்குரிய சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறாமல் ஆண்டுகள் பல கழிந்தன. முன்னோடி ஆறு நாடுகளுள் ஒன்றாக இருந்த நாம் பின்வரிசையில் நின்றது வருத்தத்திற்குரியது.

எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராசர் துறைமுகம், 2001 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வடசென்னை அனல் மின் நிலையத்திற்கு நிலக்கரி இறக்குவதே அதன் முதல் நோக்கம். சற்று வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் பின்னர் வந்தது. தெற்கே பழைய சென்னைத் துறைமுகம். காக்கா ஆழியை எந்தக் கப்பல் கொண்டுவந்தது என்ற கேள்விக்கு நேர்மையான விடை சொல்ல வேண்டுமானால் அவசரப்படக் கூடாது. கரி நிறைத்து வரும் கப்பல் எண்ணூரில் அடிபார நீரை வெளியே விடுவதில்லை. இறக்கிய பின் எண்ணூர் நீரைத்தான் ஏற்றிக்கொண்டு போகும். வெளிநாட்டு நீரை இங்கே விடுவது, இங்கிருந்து சரக்கு ஏற்ற வரும் கப்பல். அதுவுமன்றி, எந்தக் கப்பலின் அடிப்புறத்திலும் ஒட்டி வந்திருக்கலாம். கொச்சியிலோ சிங்கப்பூரிலோ ஒட்டி, இரண்டாம் படியாக வந்திருக்கலாம். சிப்பிக் குஞ்சின் மீது கப்பலின் பெயர் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆற்றுக்குள் கப்பல் வருவதும் இல்லை. ஆனால் அலையேற்றம் துறைமுக நீரைக் கழிமுகத்திற்குள் நாள்தோறும் இருமுறை கொண்டுவருகிறது.

இந்தத் தெளிவின்மைதான் ஏழைகளுக்கு எதிராக வேலை செய்கிறது. புகைபோக்கியின் புகைக்கும் குழாயின் கழிவுக்கும் உரிமையாளர் உண்டு, சிப்பிக்கு இல்லை. மீனவர்கள் மனு மேல் மனு கொடுத்தனர். 2020களின் தொடக்கத்தில் செய்தி நகரத்தை எட்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வின் முன் வழக்கு வந்தது. மாநிலச் சதுப்புநில ஆணையம் ஆராய்ந்தது. அகற்றும் பொறுப்பு நீர்வளத் துறையிடம் சென்றது. செலவு யாருடையது என்ற கேள்வி துறைமுகத்தின் வாசலிலும் தட்டியது. கப்பல் வணிகத்தின் பயன் கரி எரியும் மின் நிலையம் வழியாக நம் தரமணி வீட்டின் மின்விசிறி வரைக்கும் வருகிறது. அதன் நட்டம் கொசஸ்தலை ஆற்றில் இறங்கும் சில ஆயிரம் கால்களோடு நின்றுவிடுகிறது. இந்தக் கணக்கில் நாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதை மறைத்துப் பேசுவது நமக்கு முறையாகத் தோன்றவில்லை.

அகற்றுவது என்பதும் எளிதன்று. இயந்திரத்தால் வாரினால் சிப்பியோடு சேறும், சேற்றில் மிஞ்சியிருக்கும் மட்டியும் புழுவும் சேர்ந்தே வரும். கையால் எடுத்தால் ஆண்டுகள் ஆகும். வாரியதைக் கரையோரம் குவித்தால் அடுத்த அலையேற்றமோ மழையோ மீண்டும் ஆற்றில் சேர்த்துவிடும். நீரிலிருந்து தள்ளி, உலர்ந்த நிலத்திற்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு மூலையில் மிஞ்சிய கூட்டம் குஞ்சுகளை விட்டால், துடைத்த இடம் மறுபடி மூடும். ஆகவே இது ஒருமுறை செய்து முடிக்கும் ஒப்பந்த வேலையாக இருக்க முடியாது. கழிமுகத்தின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் காலால் அறிந்த மீனவரையே கூலி கொடுத்து ஆண்டுதோறும் அமர்த்த வேண்டிய வேலை என்பது நம் கருத்து. பஞ்சத்தில் பசித்தவர்க்குக் கூலி கொடுத்துக் கால்வாய் வெட்டிய ஊருக்கு இது புதிய யோசனையும் அன்று.

அன்று நாம் வாங்கி வந்தது பண்ணை இறால்தான். வன்னாமை என்று சந்தையில் சொல்லப்படும் அந்த இனத்தை வளர்க்க இந்தியாவில் 2009இல் அனுமதி கிடைத்தது. அதன் தாயகம் மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கரை. காக்கா ஆழி பிறந்த கரையும் அங்கே உண்டு. ஒன்று அனுமதி பெற்று வந்தது, மற்றது பெறாமல் வந்தது. மீன்கார அம்மா இறாலை நிறுத்துக் கொடுத்துக்கொண்டே தம் அண்ணனைப் பற்றிச் சொன்னார். ஐம்பது ஆண்டாக வெறுங்காலோடு ஆற்றில் இறங்கியவர், இப்போது பழைய ரப்பர் ஷூ ஒன்றைப் போட்டுக்கொண்டு இறங்குகிறாராம். ஷூ போட்டால் சேற்றில் இறால் இருப்பது காலுக்குத் தெரிவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறாராம்.